கேட்டு எடுத்த முகம்

சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். நெற்றியிலும் முகவாயிலும் பச்சை குத்தியிருக்கிறது. தலைமுடி அவிழ்ந்து தோளில் கிடக்கிறது. கண்கள் நேராகக் கேமராவைப் பார்க்கின்றன. படம் கறுப்பு வெள்ளை. கன்னத்தின் சுருக்கமும் கழுத்தணியின் வேலைப்பாடும் துல்லியமாகத் தெரிகின்றன. எப்படி எடுத்தது என்று அறியாத ஒருவரிடம் இதைக் காட்டினால், எவ்வளவு கண்ணியமான படம் என்றுதான் சொல்வார். அல்ஜீரிய விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1960இல், பிரெஞ்சு ராணுவத்தில் கட்டாயச் சேவையில் இருந்த மார்க் கராஞ்ஜே எடுத்த படங்களில் ஒன்று இது. சொந்த ஊர்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து ராணுவக் காவலில் குடியமர்த்திய மக்கள் எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுக்க வேண்டும் என்று தளபதி உத்தரவிட்டார். பெண்கள் முக்காட்டை எடுத்துவிட்டு உட்கார வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் சேர்த்தி. நாளொன்றுக்கு இருநூறு பேர் வரை, பத்து நாட்களில் ஏறத்தாழ 2,000 பேர் அப்படி உட்கார்ந்து எழுந்தார்கள். அட்டைக்கு முகம் மட்டும் போதும். கராஞ்ஜேயோ இடுப்புவரை வைத்து எடுத்து, அட்டைக்குத் தேவையானதைப் பிறகு வெட்டிக்கொண்டார். 1982இல் அவை புத்தகமாக வந்தபோது உலகம் பார்த்தது அந்த முழுச் சட்டகத்தை. அந்தப் பெண்களின் பார்வையில் இருந்தது சினமும் எதிர்ப்பும் என்பதை அவரே பின்னாளில் வெளிப்படையாகப் பேசினார். தான் செய்த வேலையின் தன்மையை அவர் மறைக்கவில்லை.

முஸ்லிம் நாடுகளின் தெருக்களில் எடுத்த பெண்களின் கறுப்பு வெள்ளை உருவப்படங்கள் இன்று கண்காட்சிகளிலும் படப் புத்தகங்களிலும் ஒரு தனி வகையாகவே நிலைத்துவிட்டன. அவற்றைப் பாராட்ட வருகிறவர்கள் முதலில் எடுப்பது மரியாதை என்ற சொல்லைத்தான். அதற்குச் சான்றாக அவர்கள் காட்டுவதெல்லாம் படத்துக்குள் இருப்பவை: நேர்ப்பார்வை, நிமிர்ந்த தலை, கண்மட்டத்துக்கு வைத்த கேமரா, வண்ணத்தின் ஆர்ப்பாட்டம் இல்லாத அடக்கம். இவை அத்தனையும் கராஞ்ஜேயின் படங்களில் இருக்கின்றன. ஆனால் அந்தச் சுவருக்கு முன்னால் மரியாதை என்று சொல்லத்தக்க எதுவும் நடக்கவில்லை. ஆகவே மரியாதையைப் படத்தின் அழகில் தேடுவது வீண் என்பதே என் வாதம். அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அந்தச் சொல் எடுபட்டிருக்குமா, படம் எங்கெல்லாம் போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதைக் கொண்டே அதை அளக்க முடியும். இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால், இந்த வகையின் வரலாற்றையே வேறு விதமாக எழுத வேண்டியிருக்கிறது. இதன் நல்ல முன்னோடிகள் ஊர் ஊராகச் சுற்றிய பயணப் புகைப்படக்காரர்கள் அல்லர். கடைவீதியில் ஸ்டூடியோ வைத்திருந்தவர்களும், நடைபாதையில் மரப்பெட்டிக் கேமராவோடு நின்றவர்களுமே அந்த இடத்துக்கு உரியவர்கள்.

பயணிகளின் மரபு எதை விட்டுச் சென்றது என்பதை அல்ஜீரிய எழுத்தாளர் மாலெக் அல்லூலா 1981இல் வெளியிட்ட 'காலனிய அந்தப்புரம்' என்ற நூலில் திரட்டிக் காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் பிரான்சுக்கு வண்டி வண்டியாகப் போன அல்ஜீரிய அஞ்சலட்டைகள் அவருடைய சான்றுகள். வெளியே முகத்திரையோடு நடந்த பெண்களைக் கேமரா எட்டவில்லை. எனவே கூலிக்கு ஆள் பிடித்து, ஸ்டூடியோவில் கம்பிச் சன்னல் அமைத்து, திரையை விலக்கவைத்து எடுத்துவிட்டு, அடியில் ஏதோ ஓர் இனத்தின் பெயரைப் போட்டு 'அந்த இனப் பெண்' என்று அச்சிட்டார்கள். ஒருவரை ஒரு கூட்டத்தின் மாதிரியாக்கும் இந்தப் பழக்கம் இன்றைய கண்காட்சித் தலைப்புகளிலும் மிச்சமிருக்கிறது. முஸ்லிம் நாடுகள் என்று ஒரே சொல்லில் அடக்கும்போது செனகல் முதல் இந்தோனேசியா வரை ஒரே பெண்தான் வாழ்கிறார் என்பதுபோல ஆகிவிடுகிறது. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பில் 57 நாடுகள் உறுப்பினர்கள். சகாராவின் துவாரெக் மக்களிடையே முகத்தை மூடுவது ஆண்களின் வழக்கம், பெண்கள் மூடுவதில்லை. சுமத்ராவின் மினாங்கபாவு முஸ்லிம்களிடம் வீடும் நிலமும் தாய்வழியாகப் பெண்களுக்குச் சேர்கின்றன. இத்தனை வேறுபாட்டையும் தாண்டி ஒரு படத்தொகுதி கறுப்புத் துணிக்குள் இரண்டு கண்களையே திரும்பத் திரும்பக் கொண்டுவருமானால், அது பார்க்கப் போனதைப் பார்க்கவில்லை, ஏற்கெனவே மனத்தில் இருந்ததைத்தான் எடுத்து வந்திருக்கிறது.

அந்த அஞ்சலட்டைகளின் காலத்திலும் அதற்குப் பின்னும், இந்த நிலங்களில் பெண்கள் தாங்களாகவே படம் எடுத்துக்கொண்டும் இருந்தார்கள். பாலஸ்தீனத்தில் கரீமே அப்பூத் என்ற பெண் 1910களில் கேமராவைக் கையில் எடுத்தார். பெத்லகேமைச் சேர்ந்த லூத்தரன் போதகரின் மகள். பின்னர் நாசரேத்தில் ஸ்டூடியோ வைத்தார், பெண் புகைப்படக்காரர் என்று செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார், ஸ்டூடியோவுக்கு வரத் தயங்கிய பெண்களை வீடுதேடிப் போய் எடுத்தார். 1940இல் இறந்தார். இஸ்தான்புல்லில் மரியம் ஷாஹின்யான் என்ற ஆர்மீனியப் பெண் 1935 முதல் 1985 வரை ஃபோட்டோ கலாத்தாசராய் ஸ்டூடியோவை நடத்தினார். தந்தையிடமிருந்து வந்த மரக் கேமராவோடு, கடைசிவரை கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். ஏறத்தாழ இரண்டு லட்சம் நெகட்டிவ்கள் எஞ்சியிருக்கின்றன. அவற்றிலிருந்து தேர்ந்த படங்கள் 2011இல் காட்சிக்கு வந்தபோது பார்த்தவர்களை வியக்கவைத்தது அந்தப் பெண்களின் இயல்பு. முக்காடு போட்டவர், போடாதவர், கணவரோடு வந்தவர், தோழியோடு வந்தவர் என எல்லோரும் அங்கே தங்கள் விருப்பப்படி நின்றிருக்கிறார்கள். எடுப்பவர் பெண் என்பது ஒரு காரணம். காசு கொடுப்பவர் அந்தப் பெண்ணே என்பது இன்னொரு காரணம். இதைப் பலரும் கவனிப்பதில்லை. காசு கொடுத்தவர் பிடிக்காவிட்டால் மறுபடி எடுக்கச் சொல்வார், பிரதி எத்தனை வேண்டும் என்பார், யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வார். மரியாதை எடுப்பவரின் நல்ல மனத்தை நம்பி இருக்கத் தேவையில்லாத ஓர் ஏற்பாடு அது.

மாலியின் தலைநகர் பமாகோவில் செய்து கெய்த்தா 1948இல் தொடங்கிய ஸ்டூடியோ இந்த ஏற்பாட்டின் மிகச் செழிப்பான எடுத்துக்காட்டு. ஸ்டூடியோ என்று பெயரே தவிர, பெரும்பாலும் வீட்டு முற்றத்தில், இயற்கை வெளிச்சத்தில், பூவேலைப் போர்வை ஒன்றைப் பின்னால் தொங்கவிட்டு எடுத்தார். தெருவுக்கும் கேமராவுக்கும் இடையில் ஒரு சுவர்தான். பெண்கள் தங்களிடம் இருந்த நல்ல உடுப்பையும் நகையையும் அணிந்து வந்தார்கள். வானொலிப் பெட்டி, கைக்கடிகாரம் போன்றவற்றை அவர் கொடுத்தார். பெரும்பாலும் ஆளுக்கு ஒரே ஒரு சொடுக்கு. ஏறக்குறைய எல்லோரும் முஸ்லிம்களான ஓர் ஊரின் பெண்கள் தங்களை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினார்கள் என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது: கையகல நகை, உயரக் கட்டிய தலைத்துணி, உடுப்பின் கட்டமும் போர்வையின் பூவும் ஒன்றோடொன்று மோதும் ஆடம்பரம். பழைய பிரதிகள் சிலவற்றில் நகைக்கும் நகத்துக்கும் கையால் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். மரப்பெட்டிக் கேமராவோடு நின்ற காபூல் தெருப் புகைப்படக்காரர்களிடமும் இந்த வண்ணம் தீட்டும் வேலை இருந்தது. இது சிறிய செய்தி அல்ல. கறுப்பு வெள்ளையை நாம் இன்று கண்ணியத்தின் நிறமாக மதிக்கிறோம். அந்தப் பெண்களுக்கு அது அக்காலத் தொழில்நுட்பத்தின் குறை. காசு இருந்தால் அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டார்கள்.

கறுப்பு வெள்ளைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் நியாயங்களையும் ஒதுக்கிவிட முடியாது. வண்ணப்படத்தில் கண் முதலில் துணிக்கும் சுவருக்கும் போகிறது, கறுப்பு வெள்ளையில் முகத்துக்கு வருகிறது என்கிறார்கள். பல படங்களில் அது உண்மை. கீழை நாடு என்றாலே காவியும் நீலமும் மசாலாக் குவியலும் என்று பழக்கிவைத்த சுற்றுலாக் கண்ணுக்கு அது ஒரு மருந்தாகவும் இருக்கலாம். ஆனால் நிறத்தைக் களைந்த உடனே காலமும் களைந்துபோகிறது. கைபேசி வைத்திருக்கும் பெண்கூட நூறாண்டுக்கு முந்தையவர்போல் தோன்றுகிறார். முஸ்லிம் பெண் என்றால் மாறாத பழமையின் உருவம் என்று நம்புகிறவர்களுக்கு அது தீனி போடுகிறது. ஏமனின் சனா நகரத்தில் பெண்கள் மேலே போர்த்திய சித்தாரா என்ற துணி சிவப்பும் நீலமுமாகப் பூ அச்சிட்டது. கறுப்பு வெள்ளையில் அதுவும் இன்னொரு கறுப்பு அங்கியாகிவிடும். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் பெண்கள் உடுப்புக்குப் பொருத்தமாகத் தேடி வாங்கும் தலைத்துணியின் நிறம் அவர்களுடைய தேர்வு. அதைச் சாம்பலாக்கும்போது அவர்கள் நமக்குச் சொல்ல விரும்பிய ஒன்றை வெட்டிவிடுகிறோம். தொழில் நுணுக்கமும் இங்கே அறத்தோடு பின்னிக் கிடக்கிறது. வெயிலில் வெள்ளைச் சுவர் முன், தலைமுதல் கால்வரை போர்த்தும் கறுப்புச் சாதர் அணிந்த பெண் நிற்கும்போது கேமராவின் ஒளிமானி சுவரின் வெளிச்சத்துக்கு மயங்கிப்போகும். அது சொன்னபடி எடுத்தால் துணி மடிப்பே இல்லாத கரிய திட்டாகும், முகம் நிழலில் மூழ்கும். சுவர் வெளுத்தாலும் பரவாயில்லை என்று முகத்துக்கும் துணிக்கும் கணக்கிட்டு வெளிச்சத்தைக் கூட்டி வைக்க வேண்டும், அல்லது நிழலான வாசல்பக்கம் நகரச் சொல்லிக் கேட்க வேண்டும். அப்போதுதான் ஓரத்துத் தையலும், பிடித்திருக்கும் விரலும், கண்ணுக்குள் ஒளிப்புள்ளியும் வரும். அவசரமாக ஒளிந்து எடுக்கிறவருக்கு இதற்கு நேரம் கிடையாது. முகமற்ற கரிய உருவங்கள் இவ்வளவு மலிந்திருப்பதற்கு எடுத்தவர்களின் கருத்து பாதிக் காரணம் என்றால், கேட்காமல் எடுத்த அவசரம் மீதிக் காரணம்.

இங்கே தெருப் புகைப்படக் கலையின் பக்கத்திலிருந்து வலுவான மறுப்பு ஒன்று வரும். கேட்டுவிட்டு எடுத்தால் தெரு போய்விடும், முகம் வேடம் போட்டுக்கொள்ளும், அறியாமல் எடுத்ததில்தான் உண்மை இருக்கிறது என்பார்கள். கூட்டத்தையும் சந்தையையும் போராட்டத்தையும் பொறுத்தவரை இதில் நியாயம் உண்டு. ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் இருபதாம் நூற்றாண்டின் பாதி வரலாறு படமாகியிருக்காது. ஆனால் உருவப்படம் வேறு. கூட்டத்தில் ஒருவராக இருப்பவரைத் தனியே பெயர்த்தெடுத்து, அவர் முகத்தையே பொருளாக்குவது அது. அந்தத் தருணத்தில் அவர் வழிப்போக்கர் அல்லர். பார்வைக்கு ஒழுங்கு உண்டு என்பது இந்தச் சமூகங்களில் வெளியாள் கொண்டுவந்து சேர்க்க வேண்டிய புதுக் கருத்தும் அல்ல. குர்ஆனின் அந்நூர் அத்தியாயத்தில் பார்வையைத் தாழ்த்தச் சொல்லும் கட்டளை முதலில் ஆண்களுக்கும் அடுத்த வசனத்தில் பெண்களுக்கும் வருகிறது. பார்ப்பவருக்குத்தான் முதல் பொறுப்பு. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டம் அனுமதியின்றி ஒருவரைப் படமெடுத்து அந்தரங்கத்தைக் குலைப்பதைத் தண்டனைக்குரியதாக்கியிருக்கிறது. வேடம் போடுவார்கள் என்ற அச்சத்துக்குக் கெய்த்தாவின் முற்றமே பதில். தன்னை எப்படிக் காட்ட விரும்புகிறார் என்பதும் ஒருவரைப் பற்றிய உண்மைதான். அறியாமல் பறித்த ஒரு நொடி அதைவிடப் பெரிய உண்மை என்று எண்ண எந்தக் காரணமும் இல்லை.

கேட்டு எடுத்தால் தெரு போய்விடும் என்ற கூற்றுக்கு நேரடி மறுப்பாக நிற்பது லைலா அலாவியின் 'மொராக்கோக்காரர்கள்' என்ற படத்தொடர். பாரிசில் பிறந்து மொராக்கோவில் வளர்ந்த அவர், புகைப்படக்காரர் ராபர்ட் ஃபிராங்கின் 'அமெரிக்கர்கள்' தொகுதியை மனத்தில் வைத்து, 2010 தொடங்கிச் சில ஆண்டுகள் நாடு முழுதும் சுற்றினார். ஃபிராங்க்போல் கூட்டத்தில் கலந்து எடுக்கவில்லை. வாரச் சந்தைகள் கூடும் இடத்தில் கறுப்புத் துணி கட்டி, விளக்கு வைத்து, பெயர்த்தெடுத்துப் போகக்கூடிய ஸ்டூடியோவை அமைத்தார். வர விரும்பியவர் வந்து நின்றார், விரும்பாதவர் கடந்து போனார். கேமராவின் மீது தம் மக்களுக்கு இருந்த அவநம்பிக்கையை அவர் அறிந்திருந்தார், அதை ஏய்க்க முயலவில்லை. ஆளுயரத்துக்கு அச்சிட்ட அந்தப் படங்கள் வண்ணத்தில் இருக்கின்றன. மலைநாட்டுப் பெண்ணின் கம்பளிப் போர்வையில் ஓடும் கோடுகள் எந்த ஊருடையவை என்று தெரிந்தவர் சொல்லிவிடலாம். கறுப்புப் பின்னணி ஆளை ஊரிலிருந்து பிரித்துவிடுகிறது என்ற குறையை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். சந்தை அந்தப் படங்களில் இல்லை. ஆனாலும் தெருவில் போகிற ஒருவருக்கு ஸ்டூடியோவின் உரிமைகளைக் கொடுக்க முடியும் என்பதை அவர் செய்து காட்டினார். 2016 ஜனவரியில் புர்கினா ஃபாசோவின் வகடூகுவில் பெண்ணுரிமை பற்றிய பணிக்காகப் போயிருந்தபோது, பயங்கரவாதத் தாக்குதலில் சுடப்பட்டு 33 வயதில் இறந்தார். அந்த வேலை எங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்று எண்ணும்போது இழப்பின் அளவு தெரிகிறது.

சம்மதம் என்பதே வெற்றுச் சொல், வசதியான நாட்டிலிருந்து வந்த ஒருவர் கேமராவோடு நிற்கும்போது ஏழைப் பெண் எப்படி மறுப்பார் என்று கேட்பவர்களின் வாதம் இதைவிடக் கூர்மையானது. ஷர்பத் குலாவின் கதை அவர்கள் பக்கம் இருக்கிறது. 1984இல் பாகிஸ்தானின் பெஷாவருக்கு அருகே நாசிர் பாக் அகதி முகாமில் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி அவரைப் படமெடுத்தபோது அவர் ஏறத்தாழப் பன்னிரண்டு வயதுச் சிறுமி. 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாக்ரஃபிக் அட்டையில் வந்த அந்த முகம் உலகம் முழுதும் சென்றது. பெயர் மட்டும் போகவில்லை. 2002இல் அவரைக் கண்டுபிடித்து, கருவிழியை ஒப்பிட்டு உறுதி செய்யும் வரை, பதினேழு ஆண்டுகள் அவர் 'ஆப்கன் பெண்'. 2016இல் போலி அடையாள ஆவணம் வைத்திருந்ததாகப் பாகிஸ்தான் அரசு கைது செய்து நாட்டைவிட்டு அனுப்பியபோது, உலகறிந்த முகம் அவருக்குக் காப்பாக இல்லாமல் சுமையாக இருந்தது. நன்மையைவிடத் தொல்லையே மிகுதி என்று அதன்பின் ஒரு பேட்டியில் அவரே சொன்னார். 2021இல் தாலிபான் திரும்பிய பிறகு இத்தாலி அவருக்குப் புகலிடம் கொடுத்தது. இந்த வரலாறு காட்டுவது சம்மதம் வீண் என்பதையல்ல. எடுக்கும் நொடியோடு சம்மதம் முடிந்துவிடாது என்பதைத்தான் இது காட்டுகிறது. அட்டைப்படமாவதற்கும் சுவரொட்டியாவதற்கும் ஏலத்துக்குப் போவதற்கும் அந்தச் சிறுமியிடம் யாரும் கேட்கவில்லை. என் மனத்துக்கு நெருக்கமான கெய்த்தாவின் படங்களும் இதற்கு விலக்கல்ல. 1991இல் நியூயார்க்கில் அவை காட்சிக்கு வந்தபோது எடுத்தவர் பெயர் தெரியாது என்றே போட்டிருந்தார்கள். பெட்டிக்குள் வைத்துக்கொள்ள அச்சிட்ட சிறு பிரதிகள் பின்னர் சுவரளவு பெருத்து விற்பனைக்குப் போயின. எடுக்கும்போது இருந்த மரியாதையைக் கலைச் சந்தை பிறகு தின்றுவிட முடியும்.

யாருடைய அனுமதி என்ற கேள்வியும் உண்டு. கணவரிடமோ தகப்பனிடமோ கேட்டுவிட்டு எடுப்பதே உள்ளூர்ப் பண்பாட்டுக்கு மரியாதை என்று சில பயணக் கையேடுகள் அறிவுரை சொல்கின்றன. லெபனானின் சைதா நகரத்தில் ஹாஷிம் அல் மதனி நடத்திய ஷெஹ்ரஸாத் ஸ்டூடியோவில் 1950களில் நடந்ததை அவரே பின்னர் பதிவு செய்திருக்கிறார். கலைஞர் அக்ரம் ஸாத்தாரி அதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். ஒரு பெண் கணவருக்குத் தெரியாமல் வந்து படம் எடுத்துக்கொண்டார். செய்தி அறிந்த கணவர் சினத்தோடு வந்து நெகட்டிவைக் கேட்டார். அதே படச்சுருளில் மற்றவர்களின் படங்களும் இருந்ததால் மதனி கொடுக்கவில்லை. வேறு வழியின்றிக் கணவரின் கண்ணெதிரே அந்தப் பெண்ணின் உருவங்கள் மீது மட்டும் ஊசியால் கீறினார். அந்தக் கீறல்களோடு நெகட்டிவ்கள் இன்றும் இருக்கின்றன. முகத்தின் மேல் நெருக்கமான கோடுகள் ஓடுகின்றன, நிற்கும் ஒயில் மட்டும் அழியவில்லை. சில ஆண்டுகளில் அந்தப் பெண் துயரம் தாளாமல் தீக்குளித்து இறந்தார். அதே கணவர் திரும்பி வந்து, அந்தப் படங்களைப் பெரிதாக்கித் தர முடியுமா, தனக்குத் தெரியாமல் எடுத்த வேறு படங்கள் இருக்கின்றனவா என்று கேட்டார். படத்தில் நிற்பவரின் விருப்பத்துக்கும் அவருக்கு உரிமை கொண்டாடுபவரின் விருப்பத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எந்தக் கோட்பாட்டாலும் முடியாது. மறுக்கும் உரிமை எவருடையதோ ஒப்பும் உரிமையும் அவருடையதே.

முக்காடோ முகத்திரையோ அணிந்த பெண்ணை அழகாக எடுப்பதே கட்டாயத்துக்கு உடந்தை என்பது இன்னொரு மறுப்பு. ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் ஆடை அரசு உத்தரவாக இருக்கும்வரை இதை எளிதில் தள்ளிவிட முடியாது. 1979 மார்ச் 8 அன்று, கட்டாய ஹிஜாப் வரப்போகிறது என்ற அறிவிப்பை எதிர்த்து டெஹ்ரான் தெருவில் திரண்ட பெண்களை ஹெங்காமே கோலெஸ்தான் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். பனி பெய்த நாள். தாதியர், மாணவியர், அலுவலகப் பெண்கள் எல்லாம் தலை திறந்து, கை உயர்த்தி, வாய்விட்டுச் சிரித்தும் கத்தியும் போகிறார்கள். பார்க்கப்பட வேண்டும் என்றே வந்தவர்கள் அவர்கள். அந்தப் படங்களுக்கு வேறு அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. அவற்றை ஒதுக்கிவிட்டுச் சாதர் அணிந்த மௌனமான முகங்களை மட்டும் 'ஈரானியப் பெண்' என்று அடுக்குபவர் அரசின் சொல்லைத்தான் எதிரொலிக்கிறார். ஆனால் திரை அணிந்தவர் எல்லோரும் திரைக்குள் அடைபட்டவர் என்று தீர்ப்பெழுதி எடுப்பதும் அந்தப் பெண்ணைக் கேட்காமல் எழுதிய தீர்ப்பே. முஸ்லிம் பெண் முகம் காட்டக் கூடாது என்ற ஆணையும், முகம் காட்டினால்தான் விடுதலை என்ற ஆணையும் அவருடைய முகத்தைப் பற்றி அவரைக் கேட்காமல் முடிவெடுக்கின்றன. தாலிபான் திரும்பிய 2021 ஆகஸ்டில் காபூல் அழகு நிலையங்களின் சுவரில் இருந்த பெண் முகங்கள் மீது வெள்ளையும் கறுப்பும் பூசினார்கள். 2024இல் தாலிபான் வெளியிட்ட ஒழுக்கச் சட்டம் உயிருள்ளவற்றின் படங்களை வெளியிடுவதையே தடுக்கிறது. ஆப்கன் புகைப்படக்காரரான ஃபர்ஸானா வாஹிதி போன்றோர் முந்தைய இருபது ஆண்டுகளில் அங்கே உருவாக்கிய பெண்களின் படப்பதிவு எவ்வளவு அரிதென்று இப்போது விளங்குகிறது.

தெருவில் எடுத்த முகம் சான்றாகவும் மாறியிருக்கும் காலம் இது. 2023 ஏப்ரலில் ஈரானியக் காவல்துறை, ஹிஜாப் அணியாத பெண்களை அடையாளம் காணப் பொது இடங்களில் கேமரா பொருத்துவதாக அறிவித்தது. தலை திறந்து நடக்கும் பெண்ணின் அழகான உருவப்படத்தை நல்லெண்ணத்தோடு வெளியிடும் ஒருவர், அந்தக் காவல்துறையின் வேலையில் ஒரு பங்கைச் செய்துவிடக்கூடும். கராஞ்ஜேயின் அடையாள அட்டைக்கும் கலைப்படத்துக்கும் இடையில் இருந்த கோடு இன்று முன்னெப்போதையும்விட மெல்லியது. ஆகவே உள்ளூர்க்காரர் எடுத்தால் போதும், பெண் எடுத்தால் போதும் என்ற விடையும் எனக்கு நிறைவு தரவில்லை. பெண் புகைப்படக்காரர் போக முடிகிற இடங்கள் அதிகம் என்பதை அப்பூத்தும் ஷாஹின்யானும் நிறுவிவிட்டார்கள். ஆனால் ஈரான் மன்னர் நாசிருத்தீன் ஷா 1860களிலேயே தம் அந்தப்புரப் பெண்களைப் படமெடுத்தார். உள்ளூர்க்காரர் என்பதால் அவர்களுக்கு மறுக்கும் வழி இருந்ததாகச் சொல்ல முடியுமா? மறுபுறம் காவே கோலெஸ்தான் என்ற ஆண், 1975 முதல் 1977 வரை டெஹ்ரானின் ஷஹ்ரே நௌ பகுதியில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் மீண்டும் மீண்டும் போய்ப் பழகி எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் ஒரு நீண்ட அறிமுகத்தின் தடம் தெரிகிறது. கட்டிலில் சாய்ந்திருப்பவர் அவருக்காக உடம்பை நிமிர்த்திக்கொள்ளவில்லை, ஒளித்துக்கொள்ளவும் இல்லை. 1978இல் டெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் நடந்த அந்தக் கண்காட்சி பாதியில் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு புரட்சியின்போது அந்தப் பகுதிக்கே தீ வைத்தார்கள். எடுப்பவரின் பிறப்பைவிட அவர் செலவிட்ட காலம் இங்கே கூடுதலாகப் பேசுகிறது.

முகமே தெரியாத ஒரு படம் இந்த வகையின் உச்சங்களில் ஒன்று என்று நினைக்கிறேன். 1971 வங்கதேசப் போரில் வல்லுறவுக்கு ஆளான ஒரு பெண்ணை நைபுத்தீன் அகமது கறுப்பு வெள்ளையில் எடுத்தார். விரிந்த கூந்தல் முன்னால் விழுந்து முகத்தை முழுதும் மூடியிருக்கிறது, அதன் மேல் இரண்டு கைகளும் முட்டியாக இறுகி நிற்கின்றன. வளையல் தெரிகிறது, மணிக்கட்டு தெரிகிறது, அவர் யார் என்று தெரியவில்லை. அரை நூற்றாண்டாக அந்தப் படம் டாக்கா முதல் லண்டன் வரை காட்சிக்குப் போயிருக்கிறது. நடந்த கொடுமைக்குச் சான்று சொல்லியிருக்கிறது. தன் முகத்தை எவரிடமும் கொடுக்காமலே அந்தப் பெண் அதைச் செய்தார். அதே நாட்டில், அதே கொடுமைக்கு ஆளான, நிலமற்ற ஏழைப் பெண்கள் சிலரை 1992இல் ஒரு மேற்கு மாவட்டக் கிராமத்திலிருந்து டாக்காவுக்கு அழைத்து வந்தார்கள். போர்க் குற்றவாளிகளை விசாரிக்கக் கோரி மக்கள் நீதிமன்றம் கூடியிருந்த நேரம். அவர்களுடைய படம் நாளிதழ்களில் பெரிதாக வந்தது. பீராங்கனா, அதாவது வீராங்கனை, என்று விடுதலைக்குப் பின் அரசு அளித்த பெயரால் அவர்களைப் போற்றியே போட்டார்கள். அவமதிக்கும் எண்ணம் எவருக்கும் இல்லை. அவர்கள் ஊர் திரும்பியபோது படம் அவர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. இருபது ஆண்டுகள் ஊர் அறிந்தும் பேசாதிருந்ததை இப்போது முகத்துக்கு நேரே பேசத் தொடங்கியது. உறவினரும் அண்டை வீட்டாரும் குத்திக்காட்டினார்கள். அந்தப் படம் நாளிதழில் வரும் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.